ஏழு வருடம் நின்ற கார்: ஸ்டார்ட் ஆனால் போதுமா?

"அண்ணே, ஸ்டார்ட் மட்டும் பண்ணிக் குடுத்தா போதும். ஞாயித்துக்கிழமை அம்மாவைச் சமயபுரம் கூட்டிட்டுப் போகணும்" என்றார் அந்தத் தம்பி. துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவர். லால்குடிப் பக்கம் வீடு. தகரக் கொட்டகைக்குள் 1996 மாடல் மாருதி 800 நின்றது. 2018-இல் அப்பா காலமானதிலிருந்து யாரும் ஓட்டவில்லை. நான் போய்ப் பார்த்தது 2025 அக்டோபரில், ஒரு புதன்கிழமை.

முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நின்றுபோன வண்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வேலையிலேயே சின்ன வேலை ஸ்டார்ட் செய்வதுதான். காற்று, பெட்ரோல், பிளக்கில் பொறி மூன்றும் கிடைத்துவிட்டால் முப்பது வயது இஞ்சினும் உறுமிவிடும். கிளம்பிய வண்டி நிற்குமா? அதனால் பானெட்டைத் திறக்கும் முன் சக்கரத்துப் பக்கம்தான் நான் உட்காருவேன்.

தள்ளிப் பார்த்தோம், வண்டி அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ துருவில் ஒட்டிப்போயிருந்தது. இப்படி நிற்பதைக் கயிறு கட்டி இழுத்தால் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பெயர்ந்து வரும், அல்லது டயர் உருளாமல் தேய்ந்துகொண்டே வரும். டிரம்மை மெதுவாகத் தட்டிக் கழற்ற அரை நாள் ஆனது. உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டும் ஜாம்.

பிரேக் ஆயிலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஓடுகிற வண்டிக்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். ஏழு வருடம் நின்றால் ஈரம், பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் துருவாக உட்கார்ந்துவிடும். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. நிற்கிற வண்டியில் பெடலை லேசாக மிதித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ரப்பர் வாஷர் வழக்கமாக நகரும் இடம் வழவழப்பாக இருக்கிறது அல்லவா! ரோட்டில் அவசரத்துக்கு அடிவரை மிதிக்கும்போதுதான் வாஷர் துருப்பிடித்த இடத்தில் ஏறிக் கிழியும். அடுத்த மிதிக்குப் பெடல் தரையைத் தொடும்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் பட்டறை வாசலிலேயே இது நடந்தது. நாலு வருடம் நின்ற அம்பாசிடர். இஞ்சினை ஓட வைத்துக் கொடுத்தேன். பிரேக்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் சொன்னார், நானும் தலையாட்டினேன். இரண்டு தடவை நன்றாகப் பிடித்தது, மூன்றாவது மிதியில் எதிர்வீட்டுச் சுவரில் போய் நின்றது. நல்லவேளை, சுவர் மட்டும்தான். தலையாட்டியது என் தப்பு. அன்றிலிருந்து பிரேக் முடியாமல் சாவியைக் கொடுப்பதில்லை.

இந்த மாருதிக்கும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. இரும்புக் குழாய்களையும் தடவிப் பார்த்து, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, குழாய்க்குள் மாட்டிய காற்றையும் எடுத்தோம்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேல்கட்டைகள், நிறைய இருந்ததால் தம்பிக்கு அதை மாற்ற மனசில்லை. பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்களைப் பாருங்கள் என்றேன். 2314 என்று இருந்தது. 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பதினோரு வயது! ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் வேறு. இது பஞ்சர் ஆகாது, வெடிக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் போகவேண்டியதுதான்.

சரி, இஞ்சினுக்கு வருவோம். மாதம் ஒருதரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து செல்ஃப் அடித்துப் பார்த்தானாம். ஒருநாள் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் ஊற்றியும் பார்த்தானாம். அம்மா பெருமையாகத்தான் சொன்னார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. கார்புரேட்டர் வழியாக நெருப்பு திருப்பி அடித்தால் கையில் இருக்கும் பாட்டிலும் பற்றும். பத்தொன்பது வயதில் எனக்கு இரண்டு புருவமும் போனது அப்படித்தான். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடுவது. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் எதுவும்.

பானெட்டைக் குச்சியால் தட்டிவிட்டுத் திறப்பது என் வழக்கம். ஒருமுறை சாரைப்பாம்பு வெளியே வந்திருக்கிறது. இங்கே எலிதான். ஏர் ஃபில்டருக்குள் தேங்காய் நாரும் துணியும் வைத்துக் கூடு கட்டியிருந்தது, வயர்களில் மூன்றைக் கடித்திருந்தது. சைலன்சர் வாயில் குளவிக்கூடு. அடைப்பை எடுக்காமல் செல்ஃப் அடித்துப் பயனில்லை. தோல் உரிந்த வயரோடு புது பேட்டரியை மாட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

அப்புறம் சேம்பர் ஆயில், அதாவது இஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்கும் இஞ்சின் ஆயில். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை. இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் இஞ்சினோடு சேர்ந்தே இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் படலம் கிழிந்தால் பெட்ரோல் சேம்பருக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அது வேறு வைத்தியம்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டேன். இரண்டு நாள் சும்மா விட்டாச்சு. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் இளகட்டும். அதன்பின் ஸ்பானர் போட்டு, இஞ்சின் தண்டின் நுனியிலிருக்கும் கிராங்க் புல்லியைக் கையால் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் முரட்டுத்தனம் கூடாது, ஆயில் விட்டு இன்னும் இரண்டு நாள். இது மூன்றாவது நாள் வழவழவென்று சுற்றியது. பிறகு பிளக் இல்லாமலே, பொறி வராதபடி காயில் வயரையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடித்தோம். வறண்ட இஞ்சினுக்கு முதலில் ஆயில் போய்ச் சேரட்டும்.

டேங்க்கிலிருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. டேங்க்கை இறக்கிக் கழுவினோம். கார்புரேட்டரின் ஜெட்டுகளில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளைகளில், பழுப்பு நிறப் பிசின். பெட்ரோல் ஹோஸ்களைக் கட்டாயம் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் இதை நினைத்துச் செய்ததல்ல, ஊறி விரிசல் விடும். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் என்பதால், இனி நிறுத்தி வைக்கும்போது பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது. இஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான், கிலோமீட்டர் குறைவு என்று அதை விட்டுவைக்கக் கூடாது.

பதினோராவது நாள் ஸ்டார்ட் ஆனது. முதலில் வெள்ளைப் புகை, கால் மணி நேரத்தில் தெளிந்தது. சமயபுரத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ்ஸில் போய்விட்டு வந்திருந்தார்கள்.

ஆனாலும் ரோட்டில் இறக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பதிவின் பதினைந்து வருடம் 2011-இல் முடிந்து, ஐந்தைந்து வருடமாக இரண்டு முறை புதுப்பித்து, 2021-இல் காலாவதி. இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றவேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கையில் இருக்கட்டும். புதுப்பிக்கப் படிவம் 25. அதன் கட்டணம் கார்களுக்கு 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பக்கத்துத் தெருவரை கூட வேண்டாம். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அது போகட்டும். யார்மீதாவது மோதினால் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில்தான் விழும். அந்தத் தம்பியின் வண்டியைப் பட்டறைக்கு நான் ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன்.

செலவு? பட்டறை வேலை மட்டும் நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. விற்றால் அந்த விலைக்குப் போகாது. முதல் நாளே சொல்லிவிட்டேன். "அப்பா வண்டிண்ணே" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அடிப்பாகம் துருவில் ஓட்டையாகியிருந்தால் மட்டும் அப்பா வண்டியானாலும் வேண்டாம் என்றிருப்பேன். இதில் தரை கெட்டியாக இருந்தது.

லீவு முடிந்து போகும்போது சாவியை அவர் மாமாவிடம் கொடுத்திருக்கிறார். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் சரியானபின் வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ஓட்டச் சொல்லியிருக்கிறேன், நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பது கணக்கில் வராது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரில் போட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னேன். மாமா இரண்டு செங்கல்லுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாராம்.