மெட்டபாலிசம்: ஸ்கேன் அறிக்கையில் வந்த சொல்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு வலக்கை நடுக்கம். கை சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விபூதியைத் தேய்ப்பதுபோல் உரசிக்கொண்டே இருக்கும். டீ கப்பை எடுக்கக் கை நீட்டினால் அடங்கிவிடும். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் இப்படித்தான், ஓய்வில் தலைகாட்டும். அது பார்க்கின்சன்தானா, அதைப்போலத் தோன்றும் வேறு நோயா என்று அறிய மூளையைப் பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை முழுக்க 'குளுக்கோஸ் மெட்டபாலிசம்'.

"சக்கரை வியாதியும் வந்துருச்சா, தம்பி?" என்று கேட்டார் பெரியம்மா. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறவன் நான். 'வளர்சிதை மாற்றம்' என்றேன். அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. காதில் விழுந்தது 'சிதை' மட்டும்தான்.

மெட்டபாலிசம் கிரேக்க வேர் கொண்டது. 'மெட்டபோலே' என்றால் மாற்றம். உயிரணுக் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான தியோடர் ஷ்வான், உயிரணுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களைக் குறிக்க 1839-இல் இதை ஜெர்மன் மொழியில் பயன்படுத்தினார். மூலச்சொல்லில் இருப்பது வெறும் மாற்றம்தான். வளர்வதையும் சிதைவதையும் சேர்த்தது தமிழ்.

சிறிய மூலக்கூறுகளைக் கோத்துப் பெரியதாகக் கட்டுவது வளர்மாற்றம். பெரியதை உடைத்து ஆற்றல் எடுப்பது சிதைமாற்றம். இரண்டும் வினைத்தொகை. 'ஊறுகாய்' என்பதில் ஊறிய, ஊறுகிற, ஊறும் என்று மூன்று காலமும் அடங்குவதுபோல, நிற்காமல் நடக்கும் வேலை இது என்பது சொல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது. இலங்கைப் பாடநூல்களில் 'அனுசேபம்' என்பார்கள். அது சுருக்கமானது, ஆனால் வடமொழி அறியாதவருக்குப் பொருளைக் காட்டிக்கொடுக்காது.

சரி, இவ்வளவு நல்ல சொல் பெரியம்மாவிடம் ஏன் எடுபடவில்லை? ஸ்கேன் எதைப் பார்க்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். குளுக்கோஸின் சாயலில் இருக்கும், கதிரியக்க ஃப்ளோரின்-18 அணு சேர்ந்த எஃப்.டி.ஜி. என்ற பொருளை ஊசியில் செலுத்துகிறார்கள். மூளையின் உயிரணு அதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொள்கிறது. முதல் படி வேதிவினை முடிந்ததும், மேற்கொண்டு உடைக்க முடியாமல் அது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதிகம் சிக்கிய இடம் படத்தில் பிரகாசமாகத் தெரியும். ஊசி போட்டபின் பெரியப்பாவை மங்கலான அறையில் பேசாமல், படிக்காமல் படுக்கவைத்ததும் இதற்காகத்தான். பேசினால் பேச்சுக்கான பகுதி கூடுதல் சர்க்கரை கேட்கும்.

ஆக, படத்தில் வளர்மாற்றம் இல்லை. சிதைமாற்றத்திலும் முதல் படிதான் இருக்கிறது. எந்த இடம் எவ்வளவு சர்க்கரை எடுக்கிறது என்பதே அதில் தெரிகிறது. பார்க்கின்சனில் மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ், தாலமஸ் போன்ற பகுதிகளில் அது ஒப்பளவில் கூடியும், மேற்புறணியின் சில இடங்களில் குறைந்தும் இருக்கும். ஒரு புள்ளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கோலத்தைப்போல மொத்தமாகப் பார்க்கவேண்டும்.

பாடத்திலும் கட்டுரையிலும் 'வளர்சிதை மாற்றம்' இருக்கட்டும். இந்த ஸ்கேனைப் பற்றி வீட்டில் பேசும்போது 'மூளையின் சர்க்கரைச் செலவு' என்பதே சரி என்று நினைக்கிறேன். 'செலவு' என்பதற்குப் பழந்தமிழில் 'போதல்' என்ற பொருளும் உண்டு. சர்க்கரை எங்கே போகிறது என்பதுதானே இங்கே கேள்வி?

மறுநாள் பெரியம்மாவிடம் அப்படியே சொன்னேன். "இது சக்கரை வியாதி இல்லை, பெரியம்மா. மூளைக்குப் போற சக்கரை எங்கெங்கே எவ்வளவு செலவாகுதுன்னு பாத்திருக்காங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினார். "அப்போ எந்த இடத்துல கூட செலவாகுது, காட்டு."