டிரை சோல்டர்: பற்றாததும் பற்று விட்டதும்

டிவி காலையில் எரியாது. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் உயிர் வரும், அப்புறம் இரவு வரை ஓடும். அதற்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பலகையில் இப்படி வந்து வந்து போகிற கோளாறு என்றால் மெக்கானிக் வாயில் முதலில் வரும் சொல் ‘டிரை சோல்டர்’.

பலகையின் செம்புத் தடத்தில் பாகங்களின் கால்களை ஒட்ட உருக்கி வைக்கும் உலோகம்தான் சோல்டர்; பட்டறையில் ஈயம் என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் லத்தீனின் ‘சோலிடாரே’, அதாவது திண்மையாக்குதல். ‘சாலிட்’ என்பதும் அதே வேர்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நடுவில் இருந்த ‘ல்’ தேய்ந்து போனது. பின்னாளில் லத்தீனைப் பார்த்து எழுத்தில் திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் இன்றும் ‘சாடர்’ என்றே சொல்கிறார்கள். நாம் எழுத்தைப் பார்த்து ‘சோல்டர்’ என்கிறோம்.

சரி, இதில் ‘டிரை’ எங்கே வந்தது? உருகிய ஈயம் செம்பின் மேல் படர்ந்து பிடிப்பதை நனைதல் என்பார்கள். செம்பில் அழுக்கு இருந்தாலோ சூடு போதாவிட்டாலோ ஈயம் நனைக்காமல், தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும். அந்த நனையாத இணைப்புதான் டிரை.

ஆனால் பல வருடம் நன்றாக ஓடிய பலகையில் நடப்பது பெரும்பாலும் வேறு. டிரான்ஸ்ஃபார்மர் கால்களும், ஹீட் சிங்க் என்னும் சூடு தணிக்கும் உலோகத் தகட்டில் பூட்டிய மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கால்களும் தினமும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்குகின்றன. ஈயம் களைத்து, காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விடுகிறது. லென்ஸ் வைத்தால் தெரியும். இரண்டு நோய்க்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

தமிழில் சோல்டருக்குப் பற்றாசு என்ற பழைய சொல் இருக்கிறது. பொற்கொல்லர் இரண்டு துண்டுகளை ஒட்ட இடையில் வைப்பது அது. ஆசு என்றும் சொல்வார்கள். வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லுக்கு முன் ஓசை விட்டுப்போகாமல் ஓரிரு அசை சேர்த்தால் அது ஆசிடை வெண்பா. பட்டறைச் சொல் யாப்புக்குள் போய் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி.

அதனால் நனையாததைப் ‘பற்றா இணைப்பு’ என்றும், விரிசல் விட்டதைப் ‘பற்றுவிட்ட இணைப்பு’ என்றும் சொல்லலாம் என்பேன். ‘உலர் பற்றாசு’ வேண்டாம். அதே பலகையில் உண்மையிலேயே உலர்ந்து போகும் பொருள் ஒன்று உண்டு: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி. அதன் உள்ளே இருக்கும் திரவம் வற்றினாலும் டிவி காலையில் எரியாது. ஹேர் டிரையரால் சூடு காட்டியதும் எரிந்து, தட்டினால் எந்த மாற்றமும் இல்லை என்றால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த மரக்குச்சியால் மெதுவாகத் தொடும்போதே வந்து போனால் பற்று விட்டிருக்கிறது. கவனம்: 230 வோல்ட் மின்சாரம் உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, தங்கிய மின்னை இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

பழைய ஈயத்தையே சூடாக்கி உருக்கிவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி பற்று விடக்கூடும். அதை உறிஞ்சி எடுத்து, காலைச் சுத்தம் செய்து, அழுக்கை நீக்கி ஈயத்தைப் படரவைக்கும் ஃப்ளக்ஸ் தடவி, புதிய பற்றாசு வைக்க வேண்டும்.