சீழ் வைக்காத புண்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வாடிக் கறுத்து, ஒரு வாரம் பத்து நாளில் தானாக விழுந்துவிடும். அதை எடுத்துப் பத்திரப்படுத்தி, வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து இடுப்பில் கட்டும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் ஒரு மாதம் ஆகியும் கொடி விழாது. அதன் அடி சிவந்து புண்ணாகும். அப்புறம் தோல், ஈறு, காது, நுரையீரல் என்று தொற்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். (கொடி விழக் கொஞ்சம் தாமதமானாலே பயப்பட வேண்டியதில்லை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் மூன்று வாரம்வரை ஆவதுண்டு. நான் சொல்வது மிக அபூர்வமான ஒரு பிறவி நோய்.)

இந்தக் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தால் விசித்திரமான முடிவு வரும். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள் இருக்கும். இங்கே தொற்று இல்லாத நாளிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கும். தொற்று வந்தால் ஒரு லட்சத்தைக்கூடத் தொடும். இவ்வளவு பெரிய படை இருந்தும் புண்ணில் சீழ் வைப்பதில்லை. சீழ் என்பதே கிருமியோடு சண்டையிட்டுச் செத்த வெள்ளணுக்களின் குவியல்தான். சீழ் இல்லையென்றால் சண்டையே நடக்கவில்லை என்று பொருள். வெள்ளணுக்கள் ரத்தத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. குழாயை விட்டு வெளியே இறங்கி, புண் இருக்கும் இடத்துக்குப் போக அவற்றால் முடியவில்லை.

ஏன் முடியவில்லை? இதற்கான விடை, ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. பாஸ்டனில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் பணியாற்றும் டிமோதி ஸ்பிரிங்கர்தான் அவர். விஞ்ஞானிகளின் வெளியீட்டுப் பட்டியலை வேலைக்கு விண்ணப்பம் பார்ப்பவர்களைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஆனால் இவருடைய பட்டியலை ஆண்டு வாரியாகப் படித்தால், ஒரு முடிச்சு அவிழ்ந்து அடுத்த முடிச்சுக்கு வழி காட்டுவதைப் பார்க்கலாம். எனக்கு அது ஒரு பெரிய அனுபவமாகவே இருந்தது.

கதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. ஒரே ஒரு மூலக்கூறை மட்டும் குறிபார்த்து ஒட்டும் எதிர்ப்பொருளை, அதாவது மோனோகுளோனல் ஆன்டிபாடியை, வேண்டிய அளவு தயாரிக்கும் முறையை 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் அங்கே கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்பிரிங்கர் மில்ஸ்டைனின் ஆய்வகத்துக்குப் போய் அந்தக் கலையைக் கற்றார். சுண்டெலியின் செல்களை எலிக்குள் செலுத்தினால், எலியின் உடல் அவற்றை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள்களைச் செய்யும். அவற்றில் எது எந்த மூலக்கூறில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தால், செல்லின் மேற்பரப்பில் இதுவரை யாரும் பார்க்காத மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அப்படி 1979-ல் முதலில் சிக்கியது, மேக்-1 என்ற மூலக்கூறு. கிருமியை விழுங்கும் செல்களின் மேல் அது இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்த எதிர்ப்பொருளின் பெயர் எம்1/70. உலகெங்கும் நோயெதிர்ப்பு ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் இன்றும் அது இருக்கிறது.

அடுத்ததாகக் கேட்ட கேள்விதான் இந்தப் பட்டியலுக்கே திருப்புமுனை என்று நினைக்கிறேன். நம் உடலில் டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் சில, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப் பிடித்துக் கொல்கின்றன. அந்தக் கொலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள் எது? நூற்றுக்கணக்கில் சோதித்துப் பார்க்கலாம். தடுப்பது கிடைத்தால், அது ஒட்டும் மூலக்கூறு கொலைக்குத் தேவையானது என்று தெரிந்துவிடும். கிடைத்த மூலக்கூறுக்கு எல்.எஃப்.ஏ-1 என்று பெயர் வைத்தார்கள். கொல்லும் ஆயுதம் கிடைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். மேலும் ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, அது ஆயுதத்தைப் பிடிக்கும் கை இல்லை. எதிரியைப் பிடிக்கும் கை. எல்.எஃப்.ஏ-1-ஐ மூடிவிட்டால் டி செல்லால் எதிரியோடு ஒட்டிக்கொள்ளவே முடியாது. ஒட்டாமல் எப்படிக் கொல்வது?

இதே சமயத்தில்தான், கொடி விழாத குழந்தைகளின் ரத்தம் ஆய்வகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. 1984-ல் ஸ்பிரிங்கரும் மருத்துவ நண்பர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை காரணத்தைச் சொன்னது. அந்தக் குழந்தைகளின் வெள்ளணுக்களில் எல்.எஃப்.ஏ-1 இல்லை. மேக்-1 இல்லை. மூன்றாவதாக இன்னொரு உறவு மூலக்கூறும் இல்லை. மூன்றும் ஒரேயடியாகக் காணாமல் போவானேன்? ஒவ்வொன்றும் இரண்டு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஜோடி. ஜோடியில் ஒன்று மூன்றுக்கும் வேறு வேறு. மற்றது மூன்றுக்கும் பொது. செல்லுக்குள்ளேயே ஜோடி சேர்ந்த பிறகுதான் அவை மேற்பரப்புக்கு வரும். அந்தப் பொதுச் சங்கிலிக்கான மரபணு பழுதாகிவிட்டால் மற்ற மூன்றும் துணையில்லாமல் உள்ளேயே முடங்கிவிடும். 21-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரே மரபணுவில் கோளாறு. படை முழுவதற்கும் கை இல்லாமல் போகிறது.

சரி, கை தெரிந்துவிட்டது. அந்தக் கை எதைப் பற்றுகிறது? இதற்கு அவர்கள் போட்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தக் குழந்தைகளின் செல்கள் தங்களுக்குள் ஒட்டுவதில்லை. ஆனால் ஆரோக்கியமான ஒருவரின் செல்களோடு கலந்தால், அவற்றோடு ஒட்டுகின்றன. அப்படியென்றால் அவற்றிடம் கைதான் இல்லை, கை பற்றும் பிடி இருக்கிறது என்று ஆகிறது. எல்.எஃப்.ஏ-1 இல்லாத அந்த நோயாளியின் செல்களையே சுண்டெலிக்குச் செலுத்தி, ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தேடினார்கள். கை இல்லாத செல்லிலிருந்து வரும் எதிர்ப்பொருள் கையின் மேல் ஒட்ட வாய்ப்பே இல்லை. தடுத்தால் பிடியைத்தான் தடுக்க வேண்டும். 1986-ல் பிடி கிடைத்தது. பெயர் ஐகேம்-1. ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள், அருகில் அழற்சி வந்தால் இந்தப் பிடியைத் தங்கள் மேல் நிறைய முளைக்கவைக்கின்றன.

இதைக் கொண்டு இன்னும் இரண்டு பேர் பிழைக்கிறார்கள் என்பது 1989-ல் வெளிவந்தது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ்களில் பெரும்பான்மை, மூக்கின் செல்களுக்குள் நுழைய ஐகேம்-1-ஐத்தான் கதவுப் பிடியாகப் பயன்படுத்துகின்றன. கடுமையான மலேரியாவைத் தரும் ஒட்டுண்ணி, தான் குடியிருக்கும் சிவப்பணுவை ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கப் பயன்படுத்தும் பிடிகளிலும் இது ஒன்று. மலேரியா ஆய்வு வேறு குழுவினருடையது. ஆனால் பிடிக்கு ஒரு பெயர் கிடைத்திருந்ததால்தான் அவர்களால் அதைத் தேட முடிந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. தட்டில் அசையாமல் கிடக்கும் செல் ஒட்டுவது வேறு, ரத்த ஓட்டத்தில் அடித்துப் போகும் செல் ஒட்டுவது வேறு. வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரோரமாக மெதுவாக உருண்டு போவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்கள். 1867-ல் ஜெர்மானியரான கோன்ஹைம், தவளையின் மெல்லிய திசுவில் வெள்ளணுக்கள் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வருவதையே கண்ணால் பார்த்து எழுதினார். உருள்வதற்கும் நிற்பதற்கும் வெளியேறுவதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் புரியாமல் இருந்தது.

1991-ல் லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் ஒரு சிறிய ஓடை கட்டினார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் செல் சவ்வு போன்ற மெல்லிய கொழுப்புப் படலம். அதில் தனியாகப் பிரித்தெடுத்த மூலக்கூறுகள் மட்டும். மேலே திரவம் ரத்தத்தின் வேகத்தில் ஓடும். அதில் வெள்ளணுக்களை விட்டார்கள். படலத்தில் ஐகேம்-1 மட்டும் இருந்தால் எதுவும் நடக்கவில்லை. செல்கள் அடித்துக்கொண்டு போய்விட்டன. செலக்டின் என்ற வேறொரு வகை மூலக்கூறு மட்டும் இருந்தால் செல்கள் உருண்டன, நிற்கவில்லை. இரண்டையும் வைத்து, அழற்சி நடக்கும் இடத்துக்கு வெள்ளணுக்களைக் கூப்பிடும் ரசாயனத்தையும் சேர்த்தபோது உருண்டுகொண்டிருந்த செல்கள் சட்டென்று நின்று, தட்டையாகப் படர்ந்தன.

ஆற்றில் அடித்துப் போகிறவன் கரையோரத்து நாணலைப் பற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாள் கையில் வரும், பிய்ந்துவிடும். அடுத்ததைப் பற்றுவான், அதுவும் போகும். ஆனாலும் வேகம் குறையும். வேகம் குறைந்தால்தான் கரையில் இருக்கும் மரத்தின் வேரை எட்டிப் பிடிக்க முடியும். செலக்டின்கள் நாணல், ஐகேம்-1 வேர். அடிபட்ட சில நிமிடங்களிலேயே குழாய்ச் சுவரின் செல்கள், உள்ளே சேமித்து வைத்திருக்கும் பி-செலக்டினை வெளியே தள்ளிவிடுகின்றன. இ-செலக்டின் புதிதாகச் செய்யப்பட்டுச் சில மணி நேரத்தில் வருகிறது. இதில் ஒரு வியப்பு, 2003-ல் நேரடியாக அளந்து காட்டப்பட்டது: பி-செலக்டினின் பிடி ஓரளவுவரை இழுக்க இழுக்க இறுகுகிறது. சாதாரணமாக எதையும் இழுத்தால் விடும். இங்கே ரத்தம் இழுக்கும் விசையே பிடியைக் காக்கிறது.

இதிலே இன்னொரு நுட்பம் இருக்கிறது. எல்.எஃப்.ஏ-1 போன்ற கைகள் எந்நேரமும் நீட்டிக்கொண்டிருந்தால் வெள்ளணுக்கள் ரத்தத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயை அடைத்துவிடும். அதனால் அவை பெரும்பாலும் மடங்கியே இருக்கின்றன. மடங்கிய நிலையில் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு உயரம்தான். சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன் என்ற ரசாயனச் செய்தி உருண்டு வரும் செல்லைத் தொட்டதும், செல்லுக்குள்ளிருந்து உத்தரவு கிளம்புகிறது. ஒரு நொடிக்குள் மடங்கிய கை நிமிர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமாகி, உள்ளங்கை விரிந்து வேரை இறுகப் பற்றுகிறது. அப்புறம் செல் சுவரின்மேல் ஊர்ந்து, இரண்டு செல்களுக்கு நடுவே இடுக்கு கண்டு, உடலை நெளித்து வெளியே இறங்கிவிடும்.

இந்தக் கைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் இன்டெக்ரின். முற்றிலும் வேறு திசையிலிருந்து, செல்கள் தாங்கள் உட்கார்ந்திருக்கும் இழைகளோடு எப்படி ஒட்டுகின்றன என்று தேடிய ரிச்சர்ட் ஹைன்ஸும் எர்க்கி ருவோஸ்லாட்டியும் இதே குடும்பத்தைத்தான் வந்தடைந்திருந்தார்கள். மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது உறவு தெரிந்தது. 2022-ல் மூவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது தரப்பட்டது.

ஸ்டான்ஃபோர்டின் யூஜின் புட்சரும் இதே காலத்தில் அடுத்த அடியை எடுத்து வைத்தார். உருள்வது, செய்தி கேட்பது, நிற்பது என்ற ஒவ்வொரு படியிலும் பல வகை மூலக்கூறுகள் உண்டு. எந்தப் படியில் எது என்ற சேர்க்கை, ஒரு பின்கோடு போல வேலை செய்கிறது. குடலுக்குப் போக வேண்டிய செல்லுக்கு ஒரு சேர்க்கை, தோலுக்கு ஒன்று. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அங்கேயும் இதுதான் நடக்கிறது. தங்களிடம் உள்ள எல்-செலக்டினின் உதவியோடு லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அந்த நிணநீர் முடிச்சுக்குள் வழக்கத்தைவிட அதிகமாக இறங்குகின்றன, கொஞ்ச காலத்துக்கு வெளியே போகாமல் நிறுத்திவைக்கப்படுகின்றன, பெருகுகின்றன. முடிச்சு வீங்குகிறது.

பின்கோடு தெரிந்தால், தவறான இடத்துக்குப் போகும் படையைத் தடுக்கவும் முடியும் அல்லவா? இங்கே பாடம் கசப்பாகவே தொடங்கியது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்காக எல்.எஃப்.ஏ-1-ஐ மூடும் எஃபாலிசுமாப் என்ற மருந்து 2003-ல் வந்தது. சிலருக்கு மூளையில் ஒரு வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகி உயிரைப் பறித்ததால் 2009-ல் திரும்பப் பெறப்பட்டது. வெள்ளணுக்கள் சொந்த மூளையின் நரம்புகளையே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு 2004-ல் வந்த நடாலிசுமாப், வேறொரு இன்டெக்ரினை மூடுகிறது. அதற்கும் அதே மூளைத் தொற்று வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்திவைத்து, கடுமையான கண்காணிப்போடு 2006-ல் மீண்டும் அனுமதித்தார்கள். மூளைக்குள் படை நுழையாமல் தடுத்தால் நோய் அடங்குகிறது. ஆனால் அங்கே காவலும் இல்லாமல் போகிறது. 2014-ல் வந்த வெடோலிசுமாப், குடலுக்குச் செல்லும் செல்களின் கையை மட்டும் மூடுகிறது. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பயன்படும் அது மூளைக் காவலைத் தொடுவதில்லை. அதன் தொடக்ககால வேலைகள், ஸ்பிரிங்கர் 1993-ல் தொடங்கிய லூக்கோசைட் என்ற நிறுவனத்தில் நடந்தவை.

கொடி விழாத குழந்தைகளுக்கு வருவோம். நோயின் கடுமையான வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. பொருத்தமான ஒருவரின் ரத்த ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்தினால் நிலைமை மாறும். புதிய மஜ்ஜையிலிருந்து, நீட்டவும் மடக்கவும் கை உள்ள வெள்ளணுக்கள் பிறக்கின்றன. அவை ரத்தத்திலிருந்து இறங்கிப் போய்விடுவதால் எண்ணிக்கை மெல்லக் குறைகிறது. அப்புறம் என்றாவது அந்தக் குழந்தை கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால், அந்தப் புண்ணில் சீழ் வைக்கும்.