தைரியம் சொல்லி அனுப்புவதல்ல என் வேலை

பிளாஸ்டிக் கவரில் ஐந்து ஈசிஜி, இரண்டு எக்கோ (இதய ஸ்கேன்). எல்லாமே நார்மல். கடலூர் முதுநகரிலிருந்து மனைவியை அழைத்து வந்த கணவர் கவரை மேசைமேல் வைத்துவிட்டு, "மேடம், நாலு வார்த்தை தைரியம் சொல்லி அனுப்புங்கள், போதும்" என்றார். இதே அம்மா நான்கு மாதங்களுக்கு முன் என்னிடம் நடத்தைச் சிகிச்சைக்கு இரண்டு அமர்வு வந்துவிட்டு, "சும்மா பேசுகிறார்கள்" என்று நின்றவர். இந்த மாதம் இப்படித் திரும்பி வந்தவர்களில் இவர் மூன்றாமவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தைரியம் சொல்ல அவருக்கு ஆளா இல்லை? மாமியார் சொன்னார், அண்ணன் சொன்னார், இதய டாக்டரும் "ஒன்றுமில்லையம்மா" என்றார். அந்தச் சொல் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்தால் இன்னொரு ஈசிஜி. இதயத்தில் கோளாறு இல்லாமலே திடீரெனப் பயமும் படபடப்பும் தாக்குகிற பதற்ற நோய் இது; ஆறுதல் கேட்டுக் கேட்டே வளர்கிறது. ஆறுதலைத்தான் சிகிச்சை என்று நினைத்து வருகிறீர்கள். நடத்தைச் சிகிச்சை அறிவுரை அல்ல, புத்திமதி அல்ல, மனதை மாற்றும் பேச்சும் அல்ல. பயப்படுகிற காரியத்தைத் தப்பித்து ஓடாமல் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது.

சென்ற ஆண்டு ஒரு பெண். எட்டு மாதமாகப் பஸ் ஏறவில்லை. கைப்பையில் தண்ணீர் பாட்டில், பயம் வந்தால் போட்டுக்கொள்ளக் காகிதத்தில் மடித்த பாதி மாத்திரை. ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னேன். பஸ்ஸில் வருகிற அதே படபடப்பு, அதே தலைசுற்றல். "நூற்றுக்கு எவ்வளவு பயம்?" என்று கேட்டேன். எண்பது என்றார். தண்ணீரைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்காவது தடவை முப்பத்தைந்து. (ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடையாது. நீங்களாக வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) பிறகு திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார், அடுத்து ஒரு நிறுத்தம், அடுத்து மஞ்சக்குப்பம், கடைசியில் தனியாகப் புதுச்சேரி. அந்தப் பாதி மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிய நாள்தான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது.

"சென்னையில் சரி, இந்த ஊர் கிளினிக்கில் நடக்குமா?" என்பார்கள். நடக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே, அன்றாட மருத்துவமனைகளில் நடந்த 56 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆய்வு, பதற்ற நோய்களுக்கு இந்தச் சிகிச்சை அங்கும் நன்றாகப் பலன் தருவதைக் காட்டியது. எல்லோருக்கும் முழுக்கக் குணமாகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, பதினைந்து அமர்வு தேவைப்படுகிற இடத்தில் இரண்டோடு நின்றுவிட்டு, பலனில்லை என்று சொல்லாதீர்கள். வீட்டுப் பயிற்சி செய்யாதவருக்கு அமர்வும் உதவாது.

நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைப் பாருங்கள். பார்த்து நார்மல் என்றான பின் ஆறாவது ஈசிஜி வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி ஆல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை வாங்குவதை விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மனநல மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.

அந்தக் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை உங்கள் மனைவி மட்டும் பஸ்ஸில் ஏறட்டும். நீங்கள் நிறுத்தத்திலேயே நின்றுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து "எப்படி இருக்கிறது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், ஐயா.