டர்போ வண்டியில் பவர் ஏற்றும் முன்: காசை முதலில் எதில் போடுவது?

ரீமேப் செய்த, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் கூட்டிய வண்டி உடனே எங்கள் பட்டறைக்கு வருவதில்லை. சில மாதம் ஓடிய பிறகுதான் வரும். "அண்ணே, நாலாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்பார்கள். அதற்குள் டவுன்பைப், இன்டேக், இன்டர்கூலர் என்று இருந்த காசெல்லாம் இன்ஜின் பக்கமே போயிருக்கும். கிளட்சுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கியர்பாக்ஸ் வேலையே பிழைப்பாக இருக்கிற எனக்கு, ஆசையாகக் கட்டிய வண்டி மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குதிரைத்திறன் எண்ணை வைத்து கியர்பாக்ஸை எடை போடாதீர்கள். கிளட்சும் பற்சக்கரங்களும் சுமப்பது டார்க்கை, அதாவது இன்ஜினின் முறுக்கு விசையை. டர்போ வண்டியில் அந்த டார்க் 2,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே மொத்தமாக வந்து இறங்கும். நம் ஊரில் பலருக்கும் தெரிந்த உதாரணம் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. அதே 180 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) இன்ஜின் ஸ்கோடா சூப்பர்ப்பில் மேனுவல் கியர்பாக்ஸோடு 320 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தது. இந்தியாவுக்கு வந்த ஆக்டேவியா 1.8-இல் இருந்ததோ 7 கியர் டிஎஸ்ஜி, இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக். டிகியூ200 என்ற அந்த டிரை கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) கியர்பாக்ஸ் தாங்கும் அளவு 250. ஆகவே கம்பெனியே டார்க்கை 250-இல் நிறுத்தித்தான் விற்றது. பின்னால் வந்த விஆர்எஸ் என்ற வேக மாடலில் டார்க்கை 350-க்கு ஏற்றியபோது, எண்ணெயில் ஓடும் வெட் கிளட்ச் உள்ள டிகியூ250-ஐப் போட்டார்கள். கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் டார்க்கை முடிவு செய்திருக்கிறார்கள். நம் பட்ஜெட்டையும் அந்த வரிசையில் போட்டால் பாதிப் பிரச்சினை வராது.

இன்னும் வண்டியே வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 350 நியூட்டன் மீட்டர் வேண்டும், கையில் காசு கம்மி என்றால் டிகியூ200 வண்டியை வாங்கி மல்லுக்கட்ட வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்கோடா லாரா 1.8 மேனுவலோ விஆர்எஸ்ஸோ கிடைக்கும்வரை காத்திருங்கள். வாங்கும்போது கொடுக்கிற கூடுதல் விலை பின்னால் கியர்பாக்ஸ் செலவில் மிச்சமாகும்.

சரி, வண்டி ஏற்கெனவே கையில் இருக்கிறது. முதல் வேலைக்குப் பெரிய செலவே இல்லை: ஒவ்வொரு கியருக்கும் தனித்தனி டார்க் வரம்பு வைக்கச் சொல்லி, ரீமேப் செய்கிற டியூனரிடம் கேளுங்கள். முதல் இரண்டு கியரில் டார்க்கைக் குறைத்து, மூன்றாவதிலிருந்து ஏற்றலாம். அடி ஆர்பிஎம்மில் டார்க் திடீரென்று குதிக்காமல் மெதுவாக எழும்படியும் செய்யலாம். இன்னொன்று, டார்க்கைக் கூட்டாமலே பவரைக் கூட்ட முடியும். 250 நியூட்டன் மீட்டரை 5,000 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் சுமார் 178 பிஎஸ் வரும். அதே 250-ஐ 6,000 வரை விடாமல் பிடித்தால் சுமார் 214 பிஎஸ். டர்போவுக்கு அந்த ஆர்பிஎம்மில் மூச்சு இருக்கிறதா என்று டியூனர்தான் பார்க்க வேண்டும். டிகியூ200 வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்கிற முதல் வழி இதுதான். நின்ற இடத்திலிருந்து முழுப் பவரில் பாய வைக்கும் லான்ச் கன்ட்ரோலை மறந்துவிடுங்கள்.

அடுத்து மவுன்ட், இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கிற ரப்பர் தாங்கி. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன். 350 டார்க் உள்ள வண்டியில் முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸின் கடைசிப் பற்சக்கர விகிதம்) 4 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4,900. இரண்டு சக்கரத்துக்கும் டார்க்கைப் பிரித்துக் கொடுக்கிற சாதாரண (ஓப்பன்) டிஃபரன்ஷியல் அதைச் சரிபாதியாகப் பிரிக்கும், ஒரு ஆக்சிலுக்கு 2,450. ஆனால் 400 கிலோ சுமக்கிற ஒரு முன்சக்கர டயர் நல்ல தார் ரோட்டில் பிடித்து நிற்பது ஏறக்குறைய 1,200 வரைதான். அதற்கு மேல் டயர் சுற்றிவிடும். அப்படியென்றால் ஆக்சில் எப்படி உடைகிறது? டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துக் குதிக்கும்போது. வீல் ஹாப் என்கிற அந்தக் குதிப்பில் ஒவ்வொரு அடியும் சுத்தியல் அடி மாதிரி ஆக்சில் முனையில் உள்ள சிவி ஜாயின்டிலும் டிஃபரன்ஷியல் பற்களிலும் விழும். நொந்துபோன கீழ் மவுன்ட் இன்ஜினை முன்னும் பின்னும் ஆடவிட்டு இதை மோசமாக்கும். அந்த ஒரு ரப்பரை மாற்ற ஆகிற செலவு, ஆக்சில் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. கிரிப் அதிகமான டயர் போட்டால் ஆக்சில் மேல் சுமை கூடும் என்பதையும் இதே கணக்கு காட்டும்.

பெரிய செலவு கிளட்ச். முதல் கியரில் டயர் சுற்றித் தப்பிக்கும். நான்காவது, ஐந்தாவது கியரில் டயர் நழுவாது, முழுச் சுமையும் கிளட்ச் மேல்தான். அதனால்தான் ஸ்லிப் முதலில் மேல் கியரில் தெரிகிறது. வாங்கும்போது உங்கள் இலக்கு டார்க்குக்கு மேல் இருபது முப்பது சதவீதம் தாங்கும் கிட் போதும். தினமும் கோவை அவிநாசி ரோடு டிராஃபிக்கில் போகிற வண்டிக்கு மென்மையாகப் பிடிக்கிற ஆர்கானிக் டிஸ்க்கும், அந்த டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பலமான பிரஷர் பிளேட்டும்தான் சரி. தனித்தனிச் செராமிக் துண்டுகள் வைத்த பக் டிஸ்க் போட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி வெட்டி வெட்டி நகரும். "எதற்கும் இருக்கட்டும்" என்று மிகக் கடினமான பிரஷர் பிளேட் வாங்கவும் வேண்டாம். ஒவ்வொரு மிதிக்கும் அந்த அழுத்தம், இன்ஜினின் கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும். அது தேய்ந்தால் செலவு இன்ஜினுக்கே வந்துவிடும்.

கியர்பாக்ஸை இறக்குகிற லேபர் ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். எனவே கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், கிராங்க்கின் பின் ஆயில் சீல் மூன்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். சீல் கசிந்து புது டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் அந்த டிஸ்க் அதோடு போச்சு. போட்ட பிறகு 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள்ளேயே, முழு பூஸ்ட் இல்லாமல் ஓட்டுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் முதல் வாரமே பைபாஸில் மிதித்துப் பளபளவென்று கருகிய டிஸ்க்குகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன்.

ஒரு டயர் சுற்றினாலும் கிரிப் உள்ள டயருக்கு டார்க்கை அனுப்புகிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்எஸ்டி) அதற்கப்புறம். முன்சக்கர வண்டிக்கு ஹெலிக்கல் வகை போதும், தனிப் பராமரிப்பு கேட்காது. அதுவும் கியர்பாக்ஸைத் திறக்கிற வேலை என்பதால், காசு இருந்தால் கிளட்ச் மாற்றும்போதே முடித்துவிடுவது லாபம். எல்எஸ்டி போட்டதும் கிரிப் உள்ள பக்கத்து ஆக்சிலுக்குச் சுமை கூடும். ஆகவே பலமான ஆக்சிலை அதன் பிறகு யோசியுங்கள், முன்னால் வேண்டாம். கியர் செட் மாற்றுவது கடைசி. தெருவில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு அது தேவையே படாது.

பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்கிய காசை இதில் எடுக்காதீர்கள். ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மறைத்தால் விபத்தின்போது கிளெய்ம் சிக்கலாகும். முழுப் பவரையும் பார்க்கிற ஆசை இருந்தால் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்கில் பாருங்கள்.

மேனுவல் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் வாங்கும்போது வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே வாங்குங்கள். ஜிஎல்-4 கேட்கிற பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் அதன் கந்தகச் சேர்க்கை, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கலாம். டிகியூ250 வைத்திருப்பவர்கள் 60,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், டியூன் செய்த வண்டியென்றால் இன்னும் முன்னதாகவே. எண்ணெயை இறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்து, விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழப்பாக இருந்தால் வழக்கமான தேய்மானம்தான். ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ குத்தினால், புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள்.