பிரதிக்கினை: ஒரு பழைய சொல்லின் பொருளும் வேரும்

பிரதிக்கினை என்றால் "இனி இதைச் செய்வதில்லை" என்றோ "இனி இப்படி நடப்பேன்" என்றோ தெரிந்து துணிந்து எடுக்கும் உறுதி. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு இது பாவசங்கீர்த்தனத்தோடு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதோடு, ஒட்டிய சொல். குருநகரிலோ பாசையூரிலோ சில்லாலையிலோ வயதான ஒருவரிடம் பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் கேட்டுப் பாருங்கள், மூச்சுவிடாமல் சொல்வார். "இனிமேல் ஒருபொழுதும்" என்று தொடங்கும் வரியில் குரல் கொஞ்சம் ஏறி, "பிரதிக்கினை செய்கிறேன்" என்ற இடத்தில் வந்து நிற்கும். அவருடைய பேரப்பிள்ளையைக் கேட்டால் மந்திரம் தெரியும், சொல்லுக்குப் பொருள் தெரியாது. புதுவருடத்துக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நோன்புக்காலமான தபசுகாலத்துக்கும் அந்தப் பிள்ளை எடுப்பது "தீர்மானம்". வாழ்க்கையை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிற ஒருவருக்கு அந்தப் பழைய சொல்லில் நிறையக் கிடைக்கும் என்று நம்புகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூலம் வடமொழி. பிரதி என்ற முன்னொட்டும் அறிதலைக் குறிக்கும் ஞா என்ற வேரும் சேர்ந்தது பிரதிஜ்ஞா. வடமொழியின் 'ஜ்ஞ' தமிழ் வாயில் 'க்கின' ஆகிவிடும். ஆஜ்ஞா ஆக்கினை ஆனதும் இப்படித்தான். வேதாகமத்தில் வரும் ஆக்கினைத்தீர்ப்பு என்ற சொல்லில் இருப்பது அந்த ஆக்கினையே. சிலர் பிரதிஞ்ஞை என்றும் எழுதுவர். சிங்களவர் வாக்குறுதிக்கு வழங்கும் 'பிரதிஞ்ஞாவ'வும் இதன் உடன்பிறப்பு. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 'ஞா'. உறுதியைக் குறிக்கிற சொல்லுக்குள் பலமும் இல்லை, சத்தியமும் இல்லை, அறிவு இருக்கிறது. முதலில் தெரிய வேண்டும், பிறகுதான் துணிய வேண்டும்.

இச்சொல்லுக்குத் தருக்க நூலிலும் ஓர் இடம் உண்டு. நியாய மரபில் ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள், முதலாவது பிரதிக்கினை. "மலையில் நெருப்பு உண்டு" என்று சொல்வது பிரதிக்கினை. "ஏனென்றால் புகை தெரிகிறது" என்பது ஏது, அதாவது காரணம். ஆக, பிரதிக்கினை என்பது இனி நிறுவிக் காட்ட வேண்டிய கூற்று. சொன்னவுடன் அது மெய்யாகிவிடாது. சொன்னவன் அதற்குப் பொறுப்பாளி ஆகிறான், அவ்வளவுதான். இதைச் சைவ சித்தாந்தம் தமிழில் 'மேற்கோள்' என்றது. சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து விளக்கும் முறை நம்மூர்ச் சைவப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இலத்தீனிலும் இதே உறவைக் காணலாம். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் மனஸ்தாபத்துக்கு இலக்கணம் வகுத்தபோது, செய்த பாவத்துக்கு வருந்தி அதை வெறுப்பதோடு, இனிச் செய்வதில்லை என்ற 'புரோப்பொசித்தும்' உம் வேண்டும் என்றது. 'முன்வைத்தது' என்று பொருள். தருக்கத்தில் கூற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அதே வினையடியில்தான் பிறந்தது. இதற்கு நேராகப் பிரதிக்கினை என்ற சொல்லைக் கத்தோலிக்கத் தமிழுக்குள் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் காது கூர்மையானவர். "இனிக் கோபப்பட்டுப் பிள்ளைகளை அடிக்க மாட்டேன்" என்று ஒரு தகப்பன் சொல்லும்போது அவர் ஒரு கூற்றை முன்வைக்கிறார். அதற்கான ஏதுவும் எடுத்துக்காட்டும் அவருடைய வீட்டில், வரும் நாட்களில், பிள்ளைகளின் கண்முன்னே காட்டப்பட வேண்டியவை.

பழைய ஞானோபதேசத்தில் (வேதபாட நூலில்) பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் சொல்லித் தந்தார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, குருவிடம் பாவங்களைச் சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல். பிரதிக்கினை நடுவில் இருப்பதைப் பாருங்கள். தன்னைச் சோதிக்காமல், வருந்தாமல் நேரே மூன்றாவது படியில் ஏற முடியாது. இன்றைக்கு நாங்கள் எடுக்கும் தீர்மானங்களில் பெரும்பாலானவை அப்படி ஏறப் பார்த்தவையே. இயேசு சொன்ன ஊதாரி மைந்தன் கதையிலும் வரிசை இதுதான். பழைய மொழிபெயர்ப்பில் "அவனுக்குப் புத்தி தெளிந்தபோது" என்று ஒரு வரி வரும். பன்றிகளுக்கு நடுவில், பசியில், அவன் முதலில் தன் நிலையைக் காண்கிறான். பிறகுதான் "நான் எழுந்து, என் தகப்பனிடத்திற்குப் போய்" என்கிறான். அதுதான் பிரதிக்கினை. அடுத்த வரியில் எழுந்து நடக்கிறான்.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. நேர்த்தி நமக்கு மிகவும் பழக்கமானது. சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றுபோல வைப்பார்கள். பிள்ளைக்குச் சுகம் வந்தால் கச்சதீவு அந்தோனியாருக்கு மெழுகுதிரி, நல்லூர்க் கந்தனுக்குக் காவடி. அங்கே ஒரு கேட்பும் ஒரு கொடுப்பும் இருக்கிறது, கொடுத்தால் கடன் தீர்ந்துவிடும். புரட்டஸ்தாந்தர் சொல்லும் பொருத்தனையும் அநேகமாக அதே வகை. பிரதிக்கினை எதையும் கேட்டு எடுப்பதில்லை. அதைத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது.

சங்கத் தமிழில் வஞ்சினம் இருக்கிறது. "இன்னது பிழைப்பின் இதுவாகியர்" என்று தொல்காப்பியம் அதன் இலக்கணத்தைச் சொல்கிறது: இதைச் செய்யத் தவறினால் எனக்கு இன்ன கேடு வரட்டும். வீரனுக்கு அழகான சொல். ஆனால் தன்மேல் தானே சாபம் போட்டுக்கொள்ளும் பேச்சை மலைப்பொழிவு ஏற்பதில்லை. சத்தியமே பண்ண வேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்கிறார் இயேசு. அவருடைய சீடர் பேதுரு கடைசி இராவுணவு இரவில் சொன்னது ஒரு வஞ்சினம்தான், சாக நேர்ந்தாலும் உம்மை மறுதலிக்க மாட்டேன் என்று. சேவல் கூவுமுன் அது முறிந்தது.

தீர்மானம் என்ற சொல்லின் நிலை வேறு. தானியேல் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாதென்று "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" இருந்தான் என்கிறது பழைய வேதாகமம். புரட்டஸ்தாந்தச் சபைகளில் அந்தச் சொல் வேரூன்றியதற்கு இந்த வசனம் பெரிய துணை. தானியேல் அத்தோடு நிற்கவும் இல்லை; "பத்துநாள்" சோதித்துப் பாரும் என்று விசாரிப்புக்காரனிடம் கேட்கிறான். அளவு தெரிந்த, பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு முயற்சி. அது எனக்குப் பிடித்த பகுதி. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் தீர்மானம் என்றால் கூட்டம் போட்டு நிறைவேற்றுவதுதான் முதலில் காதில் விழும். 1976இல் வட்டுக்கோட்டையில் தனித் தமிழீழம் கோரும் தீர்மானம் நிறைவேறியதற்குப் பிறகு இந்த மண்ணில் அந்தச் சொல் அரசியலோடு கட்டுண்டுவிட்டது. மெதடிஸ்தருக்கு இன்னொரு வழக்கம், உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755இல் இலண்டனில் தொடங்கியது. ஆண்டுப் பிறப்பை ஒட்டிச் சபை முழுவதும் சேர்ந்து தன்னைக் கடவுளிடம் மறுபடி ஒப்புக்கொடுக்கும். தனியாள் எடுக்கும் உறுதிக்குச் சபையின் தோள் கிடைப்பதால் இது பிரதிக்கினைக்கு மிக அருகில் நிற்கிறது.

சரி, எடுத்த பிரதிக்கினை எப்படி நிலைக்கும்? நல்ல குருமார் இரண்டு விஷயத்தில் விடாப்பிடியாக இருப்பார்கள். ஒன்று, பொதுப்படையாகச் சொல்லக் கூடாது. "நல்லவனாய் இருப்பேன்" என்பது பிரதிக்கினை ஆகாது. மற்றது, பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பத்தையும் சேர்த்து விலக்க வேண்டும். குடியை விட நினைக்கிறவர் வேலை முடிந்து கள்ளுத் தவறணை இருக்கும் ஒழுங்கையால் வரக் கூடாது. சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பி, சுற்றுவழி என்றாலும் கோவிலடியால் வீட்டுக்கு வர வேண்டும். சம்பளக் காசை அன்றைக்கே மனைவியின் கையில் கொடுத்துவிட வேண்டும். பார்த்தால் சின்ன விஷயங்கள். ஆனால் மாலை ஐந்தரைக்கு, உடம்பு அலுத்துப்போய் இருக்கும்போது, மன உறுதி எவ்வளவு இருக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது காலையில் தெளிந்த புத்தியோடு தேர்ந்து வைத்த பாதைதான்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் (1491–1556) இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழும்பியவுடன் அதை மட்டும் நினைத்து உறுதி எடுக்க வேண்டும். மத்தியானம் ஒரு தடவை, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மணிக்கு மணி திரும்பிப் பார்த்து, எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளிகளைக் கோட்டின்மேல் இட வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு. தவறிய அந்தக் கணத்திலேயே, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல், கையை நெஞ்சில் வைக்க வேண்டும். இரவில் முதற்கோட்டையும் இரண்டாவதையும் ஒப்பிட வேண்டும். பிறகு நேற்றையும் இன்றையும், போன கிழமையையும் இந்தக் கிழமையையும். சிகரெட்டை விடவோ பிள்ளைகளோடு கத்தாமல் இருக்கவோ விரும்பும் எவரும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் இதை இன்றைக்கே தொடங்கலாம். ஐந்து குறையை ஒன்றாகத் திருத்தப் புறப்படுவதற்கு இஞ்ஞாசியாரின் முறை இடங்கொடுக்காது. அது எவ்வளவு இரக்கமான ஏற்பாடு என்று முயன்று பார்த்தவர்களுக்கு விளங்கும்.

மந்திரத்தில் பிரதிக்கினைக்கு அடுத்த வரியை நாங்கள் அவசரத்தில் கடந்துவிடுகிறோம். "எனக்குப் பலன் போதாமையால்" என்று அது தொடங்கும். பலன் என்பது இங்கே கடவுள்முன் எடுத்துக் காட்டக்கூடிய பேறு. என்னிடம் அது காணாது, ஆகவே இயேசுநாதர் சிந்திய இரத்தத்தின் பலனைப் பாரும் என்று மன்றாடுகிறோம். உறுதி எடுத்த வாய் மூடுமுன்பே தன் கைவசம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறது! கிறிஸ்தவன் எடுக்கும் உறுதிக்கும் வெறும் மனவலிமைக்கும் உள்ள தூரம் இந்த ஒரு வரிதான். பேதுருவின் வஞ்சினத்தில் இந்த வரி இல்லை. பிறகு திபேரியாக் கடற்கரையில் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்கப்பட்டபோது அவர் பழையபடி சத்தியம் ஏதும் செய்யவில்லை; "உமக்குத் தெரியும்" என்றார். அந்தப் பேதுருவின் பிரதிக்கினை சாகும்வரை நின்றது. விழுந்தவர் அடுத்த சனிக்கிழமை மறுபடி பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் அதே பிரதிக்கினையை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. திருச்சபை அந்த வரியை ஒவ்வொரு முறையும் சொல்ல வைத்திருப்பதே அதற்காகத்தான்.

இனி, பிரதிக்கினைக்கு இன்று என்ன தமிழ்ச்சொல் சொல்லலாம் என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கு வேர் தேடுவது புதிய வேலையல்ல. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்து 1938 தொடக்கம் பகுதி பகுதியாக வெளியிட்ட அகராதி முற்றுப்பெறாமலே நின்றது. அந்த உழைப்புக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். இப்போதைய ஞானோபதேசங்களில் 'உறுதி கொள்ளல்' என்று எழுதுகிறார்கள், அது பிழையில்லை. உறுதிமொழி எனக்குச் சரியாகப் படவில்லை. பதவியேற்பில் மற்றவர் கேட்கச் சொல்வது அது. பிரதிக்கினை உள்ளத்தில் எடுப்பது. பொருளில் அச்சாகப் பொருந்தும் மேற்கோளோ இன்று அடுத்தவர் வசனத்தை எடுத்துச் சொல்வதற்குப் போய்விட்டது, அதை மீட்க முடியாது.

ஆனால் அதன் வினை உயிரோடு இருக்கிறது: மேற்கொள். தன்மேல் எடுத்துக்கொள்வது என்பது ஒரு பொருள், வெல்வது என்பது இன்னொரு பொருள். உரோமருக்கு எழுதிய நிருபத்தில், நீங்கள் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்ற வசனத்தில் வருவது அந்த இரண்டாவது பொருள். உறுதி, வெற்றி இரண்டையும் சுமக்கிற சொல் இதைவிட வேறு தமிழில் எனக்குத் தெரியாது. ஆகவே பெயராகச் சொல்லும்போது 'உறுதி', வினையாகச் சொல்லும்போது 'மேற்கொள்' என்று வைத்துக்கொள்ளலாம்: "இந்தத் தபசுகாலத்தில் பொய் சொல்லாதிருக்க மேற்கொண்டிருக்கிறேன்." மந்திரத்துக்குள் மட்டும் பிரதிக்கினையை அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளை பொருள் கேட்டால் அந்த 'ஞா'விலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுங்கள்.