பால் நெஞ்செரிச்சலுக்கு மருந்தல்ல

"காரத்தை விட்டாயிற்று, தக்காளியை விட்டாயிற்று, காபியையும் விட்டாயிற்று. இன்னும் எதைத்தான் விடுவது?" சென்ற வாரம் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டார். கையில் நான்காக மடித்த தாள். அதில் தொடக்கூடாத உணவுகளின் பட்டியலை இருபுறமும் நுணுக்கி எழுதியிருந்தார். ஆள் இளைத்துப் போயிருந்தார். எரிச்சல் மட்டும் இளைக்கவில்லை.

இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றேன். பத்தரை. படுப்பது? பதினொன்று. அதற்கு முன்? "வயிற்றுக்கு இதமாக ஒரு பெரிய டம்ளர் பால்."

இந்தப் பாலோடு நான் போடும் சண்டை ஓய்ந்தபாடில்லை. குடித்ததும் இதமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. தொண்டையிலிருந்து இறங்கும் பால் உணவுக்குழாயில் தங்கியிருக்கும் அமிலத்தைக் கழுவிக்கொண்டு போகிறது, அதன் வீரியத்தையும் சற்று நேரம் தணிக்கிறது. அந்தச் சற்று நேரம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பாலில் உள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையைத் தூண்டி மேலும் அமிலத்தைச் சுரக்க வைக்கின்றன. கொழுப்பு நிறைந்த பாலாக இருந்தால், இரைப்பை காலியாவதும் தாமதமாகும். விளைவு, நடுநிசியில் புளித்த ஏப்பத்தோடு விழிப்பு வருகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? எழுந்துபோய் இன்னொரு டம்ளர் பால் குடிக்கிறார்கள்! குளிர்ந்த பால் என்றால் பரவாயில்லையா என்று அடுத்த கேள்வி வரும். குளிர்ச்சி நாக்குக்கும் தொண்டைக்கும்தான். கொழுப்பு நீக்கிய பால்? கொஞ்சம் தேவலாம், ஆனால் படுக்கும் நேரத்தில் வயிற்றை நிரப்பினால் அதுவும் மேலே ஏறத்தான் பார்க்கும். ஒத்துக்கொள்கிறவர்கள் பகலில் தாராளமாகப் பால் குடிக்கலாம். அதை மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் மன்றாட்டு.

அடுத்தது அந்தப் பட்டியல். பொரித்த உணவு, சாக்லேட், மது ஆகியவை இரைப்பையின் வாயிலில் உள்ள தசை வளையத்தைத் தளர்த்தி, அமிலம் மேலே ஏற வழிவிடக்கூடியவை. செரிமானத்துக்கு நல்லது என்று பலர் நம்பிக் குடிக்கும் புதினா தேநீரும் அப்படித்தான். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி போன்றவை ஏற்கெனவே புண்பட்ட இடத்தை மேலும் எரிய வைக்கின்றன. ஆனால் எல்லாமே எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. அடுத்தவருடைய பட்டியலை நகலெடுத்துப் பட்டினி கிடக்காதீர்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எப்போது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எரிந்தது. சந்தேகம் வருகிற உணவை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். (என்னிடம் வரும் நோட்டுகளில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது நேரம் எழுத வேண்டிய கட்டம்தான். குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருப்பார்.)

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வேலை முடிய நேரமாகும் என்பவர்கள் மாலையிலேயே ஓரளவு சாப்பிட்டுவிட்டு, இரவில் குறைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுவதும் கொறித்துவிட்டு, ராத்திரி ஒரே மூச்சில் வயிறு முட்டச் சாப்பிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்வதும் படுப்பதில்தான் சேரும். இடுப்பை இறுக்கும் பெல்ட்டைத் தளர்த்துங்கள். உடல் பருமன் இருந்தால், சில கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும். இரவில் எரிகிறதா? கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடங்கி, வயிறும் அழுந்தும். இடப்பக்கமாகப் படுப்பது நல்லது. புகைப்பதை விடாமல் என்னிடம் உணவுத்திட்டம் கேட்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வழக்கமும் வேண்டாம். அதில் சோடியம் மிக அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. வலி மாத்திரைகளை வழக்கமாக எடுப்பவராக இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பட்டியலோடு வந்தவரை முதலில் இரைப்பை, குடல் மருத்துவரிடம்தான் அனுப்பினேன். எடை குறைந்ததற்குப் பத்தியம் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை ஊகிப்பது என் வேலையில்லை. விழுங்கும்போது உணவு சிக்கினால், மலம் கறுத்துப் போனால், வாந்தியில் ரத்தம் வந்தால், ரத்தசோகை என்று தெரியவந்தால் நீங்களும் உணவில் பரிசோதனை செய்துகொண்டிருக்காமல் அங்கே போங்கள். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், வாயுவாக இருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே ஆம்புலன்ஸை அழையுங்கள்.